முந்திக் கட்டிய ஃபிளெக்ஸ்

சான் ரோக் வளைவில் எந்த வண்டியும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சென்சியாவின் மீன் காயப்போடும் தட்டிகள், நடுவில் பாதி ரோட்டைத் தங்கள் பேரில் எழுதி வாங்கியதுபோலப் படுத்திருக்கும் நாய்கள். கல்லூரிக்குப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்னி வண்டியானாலும், டீனின் வெள்ளைக் காரானாலும், ஆயரே வந்தாலும், அங்கே ஊர்ந்துதான் போக வேண்டும். இதையெல்லாம் யோசித்துத்தான் சென்சியா தன் மகளின் ஃபிளெக்ஸை அந்த வளைவில் கட்டினாள்.

ஃபிளெக்ஸில் ரிசாலினின் தலை ஒரு சாப்பாட்டு மேசை அகலத்துக்கு இருந்தது. தலைக்குக் கீழே கறுப்பு அங்கி. அது அவளுடைய அங்கி அல்ல. அச்சுக்கடைக்காரன் எல்லாத் தலைக்கும் கீழே ஒட்டுகிற பொது அங்கி. அதனால் அவள் கழுத்து, அடுத்த வீட்டில் என்ன சத்தம் என்று எட்டிப் பார்ப்பதுபோல, கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ‘வளாக வாழ்வுக்கு ஒப்பற்ற பங்களிப்பு விருது பெறும் எங்கள் செல்ல மகளுக்கு வாழ்த்துகள்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வலது மூலையில் கவுன்சிலர் நோனோய் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். அச்சுச் செலவில் பாதி அவருடையது என்பதால் அவருடைய பற்கள் ரிசாலினின் பற்களைவிடப் பெரிதாக இருந்தன.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. விருதுதான் இன்னும் அறிவிக்கப்படவில்லை.

இதில் சென்சியாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்தக் கரை முழுக்கப் பட்டமளிப்புக் காய்ச்சல். மழலைப் பள்ளியில் ‘மிகவும் ஒழுங்காகக் கை கழுவியவன்’ என்று ரிப்பன் வாங்கியவனுக்குக்கூட வீட்டு வாசலில் ஃபிளெக்ஸ் உண்டு. அச்சுக்கடையில் கூட்டம் நெரியும். தாமதமாகச் சொன்னவர்களுக்கு விருந்துப் பன்றியின் எலும்பை நாய் தூக்கிப்போன பிறகுதான் ஃபிளெக்ஸ் கைக்கு வரும். அதனால் விவரமானவர்கள் முந்திக்கொள்வார்கள். அதோடு, சென்சியாவிடம் வாக்கும் இருந்தது. டீன் டாக்டர் எஸ்கரியா, மணிலாவிலிருந்து வந்த விருந்தாளிகளுக்காக ஒரு கூடை ஓரா மீன் கருவாட்டை வழக்கம்போலச் சும்மா வாங்கிப்போக வந்தவர், சுட்ட மீனொன்றை வாயில் போட்டுக்கொண்டு தன் திருவாயாலேயே சொன்னார்: “இந்த வருஷம் உங்க பொண்ணை விட்டா வேற யாரு இருக்கா, மிஸிஸ்?”

வேறு யாரும் இல்லைதான். போன வருஷப் புயலில் கல்லூரிக் கூரை பாதி பறந்து, தீவுப் பிள்ளைகள் ஊர் திரும்பப் படகில்லாமல் விளையாட்டுக் கொட்டகையில் அடைந்து கிடந்தபோது, அடுப்பு மூட்டியவள் ரிசாலின். புயல் போன பிறகும் அடுப்பை அவள் அணைக்கவில்லை. விடியலில் முதல் படகு பிடித்து வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகளுக்குத் தினமும் காலையில் கஞ்சி. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அம்மாவின் கருவாடு. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்று மூன்று குழுக்கள் கூடி, கலைந்து, மறுபடி கூடிக்கொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை சுத்தியலோடு போய் அதை அடித்துவிட்டு வந்தவளும் அவள்தான். டீன் கஞ்சி அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் கல்லூரி நாட்காட்டியில் மார்ச் மாதமாக வந்தது. அகப்பையை அவர் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் ரிசாலின் வந்தபோது சென்சியா மீன் கீறிக்கொண்டிருந்தாள். ஓராவை முதுகுப் பக்கமாகக் கீறி, புத்தகம்போல விரித்து, குடலை வழித்து, உப்புத் தொட்டியில் போட வேண்டும். முள்ளில் விஷம் உண்டு. பேச்சுக் கொடுத்துக்கொண்டே கீற எல்லாராலும் முடியாது. சென்சியாவால் முடியும்.

“என்ன இண்டாய், என் மகளே, போர்டுல போட்டுட்டாங்களா?”

“போட்டாச்சு.”

“பேரை முழுசாப் போட்டானுங்களா, போன தடவை மாதிரி பாதியில நிறுத்திட்டானுங்களா?”

“என் பேரே இல்லம்மா.”

கத்தி நிற்கவில்லை. இரண்டு மீன் தொட்டிக்குள் விழுந்தன.

“பின்ன யாரு பேரு?”

“ஆல்ட்ரிச்.”

“எந்த ஆல்ட்ரிச்? அந்த முடிக்காரனா?”

“ம்.”

“அவன் என்னத்தைப் பண்ணான்?”

“ஆணழகன் போட்டி நடத்தினான்.”

“நடத்தி?”

“காலேஜுக்கு ஏர்கூலர் எல்லாம் அவங்க மாமா குடுத்தாரு. மேடை லைட்டு, சவுண்டு, எல்லாம் அவருதான்.”

“அது இருக்கட்டும். போட்டியில ஜெயிச்சது யாரு?”

“அவன்தான்.”

சென்சியா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். சிரிக்கிறாளா என்று தேடினாள். ரிசாலின் சிரிக்கவில்லை, சட்டியைத் திறந்து பார்த்து, சோற்றைப் போட்டுக்கொண்டு, புளிப்புக் குழம்பில் கத்தரிக்காய் இருக்கிறதா என்று துழாவினாள்.

“அந்த ஆளு இதோ இந்த இடத்துல நின்னு தின்னுக்கிட்டே சொன்னான்டி. வேற யாரு இருக்கான்னு.”

“கேள்வியாத்தானே கேட்டாரு. இப்ப அவருக்குப் பதில் கெடச்சிருக்கு. நீதான் அவசரப்பட்டு அச்சடிச்சுட்ட.”

“உனக்கு வலிக்கலையா?”

“பசிக்குது. சாப்பிட விடு. சாப்பிட்டதும் அதை அவுத்துடலாம்மா. காலேஜ் ஜீப்னி பூரா அந்த வளைவுல நின்னு சிரிச்சுட்டுப் போகுது. டிரைவர் ஹாரன் அடிச்சு வாழ்த்துச் சொல்றான்.”

“சிரிக்கட்டும். அவுக்க மாட்டேன்.”

“அம்மா.”

“என் மூச்சு இருக்கறவரைக்கும் அவுக்க மாட்டேன்.”

மகள் சோற்றுக்குத் திரும்பினாள். அம்மாவின் ரோஷம் அவளுக்குத் தெரியும். ஞானஸ்நான விருந்தில் தன் வீட்டுக் கருவாட்டைப் பார்த்து மூக்கைப் பொத்திய ஒரு மைத்துனியோடு சென்சியா பேச்சை நிறுத்தி, அந்தக் குழந்தைக்கே இப்போது குழந்தை பிறந்துவிட்டது. பிரசங்கத்தில் மீன்காரப் பெண்கள் வாய் நீளம் என்று சொன்ன ஒரு பாதிரியார் மாற்றலாகிப் போகிறவரை, காணிக்கைத் தட்டு தன் முன்னால் வரும்போதெல்லாம் அதை உற்றுப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் தள்ளினாள். மன்னிப்பு என்பது ஞாபகம் குறைந்தவர்களுக்கு வருகிற வியாதி என்பது அவள் கட்சி.

ஆனால் இந்தக் காயம் அந்த வரிசையில் சேராதது. அந்த ஊர் வழக்கப்படி, பதக்கத்தைப் பிள்ளையின் கழுத்தில் போடுவது டீன் அல்ல, தாய். பெயர் கூப்பிட்டதும் தாயும் பிள்ளையும் சேர்ந்து மேடையேற வேண்டும்; தாய் மாட்ட வேண்டும்; பிள்ளை அவள் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும்; போட்டோ. சென்சியா நீலப் பூப் போட்ட கவுன் ஒன்று தைத்து வைத்திருந்தாள். கையிலிருந்த மீன் வாசனை போக ஒரு வாரமாக எலுமிச்சைத் தோல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அந்த ஏர்கூலர் கொண்டுபோய்விட்டது.

சனிக்கிழமை துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். சாவு வீட்டுக்கு வருவதுபோல பிஸ்கட் கட்டோடு வந்தார்கள். “மனாங், அக்கா, கடவுள் பாத்துப்பாரு” என்றார்கள். “அவரு பாக்கறதுக்குள்ள நான் பாத்துக்கறேன்” என்றாள் சென்சியா. கடைசியாகக் கவுன்சிலர் நோனோய் வந்தார். மோட்டார் சைக்கிளை அணைக்காமலே நின்றார்.

“மனாங், சௌக்கியமா?”

“உக்காருங்க கவுன்சிலரே. விருது போயிருச்சு, கேள்விப்பட்டிருப்பீங்க.”

“கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். மனசே கேக்கல. அநியாயம். எவ்வளவு பெரிய அநியாயம்.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா பாருங்க மனாங், அந்தப் பையனோட மாமா நம்ம கட்சி. வர்ற எலெக்‌ஷன்ல அவருதான் வண்டி ஏற்பாடெல்லாம். அவரு இந்தப் பக்கமா போகும்போது, என் படம், அதுவும் சிரிச்சுக்கிட்டு… கொஞ்சம் தர்மசங்கடமா இருக்கு.”

“அதனால?”

“ஃபிளெக்ஸ் இருக்கட்டும். அது உங்க உரிமை. உங்க உரிமைக்காக நான் எப்பவும் நிப்பேன். என் படத்தை மட்டும்…”

சென்சியா மீன் கத்தியோடு எழுந்து போனாள். ஓராவைக் கீறுகிற அதே சுத்தத்தோடு, ஓரம் பிசிறாமல், கவுன்சிலரின் தலையை ஃபிளெக்ஸிலிருந்து அறுத்து எடுத்து, சுருட்டி அவர் கையில் கொடுத்தாள்.

“வெச்சுக்கோங்க. எலெக்‌ஷனுக்கு ஆகும்.”

கவுன்சிலர் தன் தலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை விஷயம் வேறு மாதிரி ஆயிற்று. பட்டம் வாங்கக் கிளியரன்ஸ் தாள் என்று ஒன்று உண்டு. இந்த மாணவி நூலகப் புத்தகத்தைத் தின்றுவிடவில்லை, ஆய்வகத்துக் கண்ணாடியை உடைக்கவில்லை என்று ஒவ்வொரு அறைக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கையெழுத்து டீனுடையது. அது இல்லாமல் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் இலோயிலோ நகரத்தில் ரிசாலினுக்காகக் காத்திருந்த ஆசிரியை வேலையும் கிடையாது. மாதக் கடைசிக்குள் சான்றிதழோடு வரவில்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள்.

“என்னடி சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. பேனாவை எடுத்தாரு. மூடியைத் திறந்தாரு. அப்புறம் மூடினாரு. உங்க வீட்டு வளைவுல ஏதோ தொங்குதாமே, கேள்விப்பட்டேன்னாரு.”

“கேள்விப்பட்டானாமா? தினம் ரெண்டு தடவை அதுக்குக் கீழதான் போறான்.”

“விருது விழாவுக்கு கவர்னர் ஆபீஸ்லருந்து ஆள் வர்றாங்களாம். ரோட்டுல ஒரு முகம், மேடையில ஒரு முகம்னு இருந்தா நிறுவனத்தோட மாண்பு என்னாகும்னு கேட்டாரு.”

“மாண்பு என்னாகும்னு சொன்ன?”

“சொல்லல. கையெழுத்து வேணும்மா எனக்கு.” ரிசாலின் குரல் முதல் முறையாக உடைந்தது. “உன் கோவத்தை நான் குறை சொல்லல. ஆனா நாலு வருஷம் நானும் இந்த வாசனையோடதான் கிளாஸ்ல உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்தவளுங்க ஜன்னலைத் திறந்தாளுங்க. உன்கிட்ட வந்து சொன்னேனா? எதுக்குப் பொறுத்துக்கிட்டேன்? இங்கருந்து போறதுக்கு. இப்ப நீ ஜெயிக்கறதுக்காக நான் இங்கயே உக்காந்து உன்கூட மீன் கீறணுமா?”

சென்சியா நெடுநேரம் தொட்டித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தாள். மேகம் திரண்டு, தட்டிகளை அவசரமாகக் கொட்டகைக்குள் இழுத்துப் போட்டார்கள். மழை நாலு துளி போட்டுவிட்டுப் போயிற்று. மறுபடி வெளியே இழுத்தார்கள். கடைசித் தட்டியை வைத்துவிட்டுச் சென்சியா சொன்னாள்:

“யாருடி ஜன்னலைத் திறந்தவ?”

“அம்மா.”

“சரி விடு. அந்த ஆளை நாளைக்கு இங்க வந்து கையெழுத்துப் போடச் சொல்லு. அவன் போடட்டும், நான் அவுக்கறேன்.”

மறுநாள் டீன் வந்தார். வெள்ளைச் சட்டை, எம்ப்ராய்டரி, கைக்குட்டையால் மூக்கு.

“மிஸிஸ், நீங்க பெருந்தன்மையானவங்கன்னு எனக்குத் தெரியும். முதல்ல அதை இறக்கிடுங்க.”

“முதல்ல கையெழுத்துப் போட்டுருங்க சார்.”

“என் மேல நம்பிக்கை இல்லையா?”

“ஒரு தடவை நம்பி அச்சடிச்சேன் சார்.”

டீன் ஃபிளெக்ஸைப் பார்த்தார். நாலு மூலையில் நாலு முடிச்சு. சென்சியா ஒரு முடிச்சை அவிழ்த்தாள். அவர் பேனாவை எடுத்தார். இரண்டாவதை அவிழ்த்தாள், மூடியைத் திறந்தார். மூன்றாவதை அவிழ்த்ததும் ரிசாலினின் முகம் சரிந்து ஒரே கயிற்றில் தொங்கி, காற்றில் திரும்பித் திரும்பி இருவரையும் பார்த்தது. டீன் காரின் பானெட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ரிசாலின் தாளைப் பறித்து, மை காயும்வரை காத்திருந்து, தலையசைத்தாள். சென்சியா நான்காவதை அவிழ்த்தாள்.

“இதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க மிஸிஸ். உங்களையும் நாங்க மறக்கல. விழாவுல உங்களுக்கும் ஒரு கேடயம் உண்டு. ‘அர்ப்பணிப்பு மிக்க பெற்றோர்’. இந்த வருஷந்தான் புதுசா ஏற்படுத்தியிருக்கோம்.”

“எப்ப சார் ஏற்படுத்தினீங்க?”

“இப்பத்தான்.”

“மேடையில பேச விடுவீங்களா?”

“ரெண்டு வார்த்தை. நன்றி மாதிரி.”

“நன்றிதான் சார் சொல்லப்போறேன்” என்றாள் சென்சியா. அவள் அதைச் சொன்ன விதம் கேட்டு ரிசாலின் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டீனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பாராட்டைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறிப் பழக்கமில்லை.

விழா மேடையின் பின்னால் சுவர் முழுக்க ஒரு ஃபிளெக்ஸ். மாணவர்களைக் கௌரவிக்கும் விழா என்பதால் டீனின் முகம் அதில் ஆளுயரத்துக்கு இருந்தது. கௌரவிக்கப்படும் மாணவர்கள் அவர் காலர் பட்டனுக்குக் கீழே தபால்தலை அளவில் வரிசையாக இருந்தார்கள். ஆல்ட்ரிச் மேடையேறினான். வளாகத்தின் அழகுணர்வை உயர்த்தியவர் என்று வாசித்தார்கள். அவன் தாய் பதக்கத்தை மாட்டப்போய், நாடா அவன் முடியில் சிக்கிக்கொள்ள, இரண்டு ஆசிரியைகள் சேர்ந்து விடுவித்தார்கள். பையன் பாவம், கூட்டத்தில் ரிசாலின் இருந்த பக்கம் பார்க்காமலே இறங்கினான்.

நீலப் பூக் கவுனில் சென்சியா மேடையேறினாள். கேடயத்தை வாங்கினாள். அதில் ‘பெற்றோர்’ என்பது மட்டும் பொறித்திருந்தது. பேரை எழுத நேரமில்லை. மைக்கின் முன் நின்றாள். வார்த்தைகளை அவள் மூன்று நாளாகக் கத்தியோடு சேர்த்துத் தீட்டி வைத்திருந்தாள். சும்மா கொண்டுபோன கூடைகள், சுட்ட மீன், வேற யாரு இருக்கா, தலைகீழ் அகப்பை, மூடின பேனா, எல்லாம் வரிசையாக இருந்தது.

“மதிப்புக்குரிய டீன் அவர்களுக்கு என் நன்றி” என்று தொடங்கினாள். கூட்டம் கைதட்டியது. டீன் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். “எதுக்கு நன்றின்னா…” என்றாள்.

அங்கே மைக் செத்துப்போயிற்று. சவுண்டுக்காரன் ஆல்ட்ரிச்சின் மாமாவுடைய ஆள். சென்சியா வாய் அசைவது எல்லாருக்கும் தெரிந்தது. குரல் முதல் வரிசைக்குக்கூட வரவில்லை, ஏனென்றால் அதற்குள் பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. அவள் முழுவதையும் சொல்லித்தான் முடித்தாள். நெகிழ்ந்து பேசுகிறாள் என்று நினைத்துக் கவர்னர் ஆபீஸ்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்தார்கள். தன்னைத் திட்டியதற்கு டீனும் தட்டினார்.

இறங்கி வந்த அம்மாவை ரிசாலின் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டகை ஓரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“ஒருத்தருக்கும் கேக்கலையாடி?”

“எனக்குக் கேட்டுச்சு.”

“உனக்குத் தெரிஞ்சதுதானே எல்லாம்.”

கூட்டம் நூடுல்ஸ் தட்டுகளோடு கலைந்தது. காவலாளி மனோங் பென்ஹோ ஏணி போட்டு மேடை ஃபிளெக்ஸை இறக்கிக்கொண்டிருந்தான். டீனின் முகம் முதலில் நெற்றியில் மடிந்து, பிறகு மூக்கில் மடிந்து, தரையில் விழுந்தது.

“மனோங், அண்ணே, இதை என்ன பண்ணுவீங்க?” என்றாள் சென்சியா.

“போன வருஷத்தது பன்னிக் கொட்டாய்க்குப் போச்சு. வேணுமா மனாங்? நல்ல கனம்.”

“வேணும்.”

ரிசாலின் அம்மாவைப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் போர்வை மடிப்பதுபோல அதை நாலாக மடித்து ஜீப்னியில் ஏற்றினார்கள்.

விழா முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை வெயில் நன்றாக அடித்தது. ரிசாலின் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு இலோயிலோ ஜீப்னிக்காக வெளியே வந்தபோது, வளைவில், தட்டிகளுக்கு முன்னால், ரோட்டோரத் தரையில் டீன் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தார். சென்சியா விரித்த ஓராக்களை அவர் மேல் நெருக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றி நிறைந்திருந்தது. கன்னம் இரண்டும் நிறைந்திருந்தன. ஈ மொய்த்தது.

ரிசாலின் பையைக் கீழே வைத்தாள். சென்சியா கையை நிறுத்தி, வசவுக்குக் காத்திருந்தாள்.

மகள் குந்தி உட்கார்ந்தாள். கண் மேல் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து நகர்த்தினாள்.

“இப்படி அடைச்சு வெச்சா யாருன்னு தெரியுமாம்மா? முகம் தெரியற மாதிரி போடு. மூக்கு மேல சின்னதாப் பாத்துப் போடு.”

“பெருசு எங்க போடறது?”

“வாயில.”

இருவரும் சேர்ந்து அடுக்கி முடித்தார்கள். ஜீப்னி வந்தது, வளைவில் ஊர்ந்தது, நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

“மனாங், நெத்தியில இருந்து அரைக் கிலோ.”

“நெத்தி இன்னும் காயல தம்பி. வழுக்கையோட சேர்ந்த நெத்தி, அகலம் ஜாஸ்தி, நேரமாகும். தாடையில எடுத்துக்க.”

“காது?”

“காதெல்லாம் காலேஜ்காரங்க சொல்லி வெச்சுட்டாங்க.”

ரிசாலின் சிரித்துக்கொண்டே ஏறினாள். அம்மாவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனாள். மதியத்துக்குள் சென்சியாவுக்கு ஒரு வாரத்து வியாபாரம் ஆகிவிட்டது. படம் எடுக்க வந்தவர்களும் மூக்கு வேண்டும், புருவம் வேண்டும் என்று வாங்கிப் போனார்கள்.

வெள்ளைக் கார் சாயங்காலம் வந்தது. நாய்கள் எழவில்லை. ஊர்ந்து, நின்றது. கண்ணாடி மெல்ல இறங்கியது. டீன் கீழே கிடந்த தன்னைப் பார்த்தார். கீழே கிடந்தவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“மிஸிஸ்.” கனைத்துக்கொண்டார். “என்ன இது?”

“ஓரா சார். சுட்டுத் தரவா?”

“அதைக் கேக்கல. கீழே.”

“விரிப்பு சார்.”

டீன் எதையோ தேடினார். கையெழுத்துக்காகக் காத்திருக்கிற ஒரு தாள், மூடக்கூடிய ஒரு பேனா, ஏதாவது ஒன்று. சென்சியா வீட்டில் இனிப் படிக்க யாரும் இல்லை.

“இதை… எப்ப எடுப்பீங்க?”

சென்சியா கண்ணுக்கு மேல் கையை வைத்து வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“காஞ்சதும் எடுத்துடுறேன் சார்” என்றாள். குனிந்து, மீசை மேல் கிடந்த ஒன்றைப் புரட்டிப் போட்டாள்.

கார் நகர்ந்தது. சென்சியா கொட்டகைக்குள் போய்த் தொட்டியைத் துழாவினாள். நாளைக்கு வேண்டிய மீன் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது.